கை என்ன செய்தது என்று சொல்லுங்கள்

"சித்தி, இதற்கு 9 புள்ளி போட்டிருக்கிறார்கள். முழுவதையும் இரண்டு தரம் வாசித்துவிட்டேன். ஏன் 9 என்றுதான் விளங்கவில்லை."

அக்காவின் மகன் இப்படிக் கேட்டது போன டிசம்பர் விடுமுறையில். வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேல்மாடியில், கடற்காற்றில் துருப்பிடித்த யன்னல் கம்பியில் சாய்ந்தபடி கேட்டான். அவனுக்கு 14 வயது. பிறந்தநாளுக்குக் கிடைத்த காசை ஆறு மாதமாகச் சேர்த்து வைத்திருந்தான். அவன் வாங்க நினைத்த வீடியோ விளையாட்டின் விலை 70 டொலர். டொலரை 300 ரூபா என்று கணக்கிட்டாலே 21,000 ரூபா வருகிறது. வாங்கிவிட்டுப் பிடிக்கவில்லை என்று தூக்கிப் போடுகிற தொகை அல்ல. அதனால்தான் அந்தப் பிள்ளை பரீட்சைக்குப் படிப்பதுபோல விமர்சனம் படித்தான்.

நான் மொழிபெயர்ப்பாளர். காலையில் இருந்து மாலை வரை ஆங்கில ஆவணங்களைத் தமிழாக்குவது என் தொழில். அந்தப் பழக்கத்தில், அவனுக்கு விளங்கட்டும் என்று அந்த விமர்சனத்தை வாய்விட்டுத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். மூன்றாவது பத்தியில் நின்றுவிட்டேன். 'கட்டுப்பாடுகள் இறுக்கமானவை' என்று ஒரு வசனம். ஆங்கிலத்தில் வாசித்தபோது கண் அதைத் தடையின்றிக் கடந்திருந்தது. தமிழில் சொன்னதும் அவன் கேட்டான், "எது இறுக்கம்?"

என்னிடம் பதில் இல்லை. பொத்தானை அழுத்தியவுடன் பாத்திரம் தாமதமின்றி அசைகிறதா? கையை எடுத்தவுடன் வழுக்காமல் நிற்கிறதா? பாய்ந்தபின் நடுவானில் திசையை மாற்ற முடிகிறதா? மூன்றும் மூன்று வேறு விடயங்கள். 1985இல் வந்த முதல் சூப்பர் மாரியோ பிரதர்ஸில் ஓடிக்கொண்டிருக்கும் மாரியோ கையை எடுத்தாலும் சற்று வழுக்கித்தான் நிற்பான். ஆனால் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறீர்களோ அவ்வளவு உயரம் பாய்வான், காற்றில் இருக்கும்போதே அவனைத் திருப்பலாம். அது இறுக்கமா, தளர்வா? அந்த விமர்சகருக்குத் தன் விரல்கள் என்ன உணர்ந்தன என்று தெரிந்திருக்கும். அதை எழுதவில்லை. எல்லோரும் எழுதுகிற சொல்லை எழுதிவிட்டுப் போய்விட்டார்.

அன்று இரவு இன்னும் பல விமர்சனங்களைத் திறந்து இதேபோல் தமிழில் சொல்லிப் பார்த்தேன். 'ஆழ்ந்துபோக வைக்கிறது', 'திருப்தியளிக்கும் சண்டை', 'உயிரோட்டமான உலகம்', 'மெருகூட்டப்பட்டது'. ஒவ்வொன்றையும் தமிழில் வைத்ததும் அடியில் ஒன்றும் இல்லாமல் நின்றது. மொழிபெயர்ப்பில் பொருள் கெட்டுவிட்டது என்று சிலர் சொல்லலாம். என் தொழிலில் நான் கண்டது வேறு. பொருள் உள்ள வசனம் தமிழுக்கு வரும்போது முரண்டு பிடிக்கும், உடைத்துக் கட்ட வேண்டியிருக்கும், ஆனால் வந்து சேரும். பொருளே இல்லாத வசனம்தான் எந்த எதிர்ப்பும் இல்லாமல் வழுக்கி வரும்.

இதை நான் கோபத்தோடு எழுதுகிறேன் என்றால் அதற்குக் காரணம் இந்த எழுத்தின் மேல் எனக்கு இருக்கும் பற்று. என் ஆங்கிலத்தில் பாதி கணினி விளையாட்டுச் சஞ்சிகைகளில் இருந்து வந்தது. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் அப்பாவோடு டி. ஆர். விஜேவர்தன மாவத்தையின் பழைய புத்தகக் கடைகளுக்குப் போவேன். அவர் தனக்கு வேண்டியதைத் தேடும் நேரத்தில் நான் அடுக்குகளின் அடியில் கிடக்கும் பிரித்தானியச் சஞ்சிகைகளை இழுப்பேன். மாதக்கணக்கில், சில வேளை வருடக்கணக்கில் பழையவை. அட்டை கிழிந்திருக்கும், கூட வந்த இறுவட்டை யாரோ எடுத்திருப்பார்கள். எங்களிடம் அப்போது கணினியே இல்லை. பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்ததுதான். ஆகவே அந்த விளையாட்டுகளை நான் முதலில் ஆடியது எழுத்தில். விமர்சகர் நன்றாக எழுதியிருந்தால் ஆட முடிந்தது, இல்லாவிட்டால் முடியவில்லை.

எட்ஜ் என்ற சஞ்சிகை 1994இல் டூம் விளையாட்டுக்கு 10க்கு 7 கொடுத்தது. அந்த விமர்சனத்தின் கடைசியில் ஒரு வசனம் வருகிறது: இந்த அரக்கர்களோடு பேச முடிந்தால், நட்புக் கொள்ள முடிந்தால், கூட்டணி அமைக்க முடிந்தால், அது சுவையாக இருக்கும் என்ற கருத்தில். சுட்டுக்கொண்டே ஓடுகிற விளையாட்டில் அரக்கனோடு பேச்சுவார்த்தை கேட்கிறாரே என்று முப்பது வருடமாக அதைப் பழித்து வருகிறார்கள். எட்ஜில் விமர்சனங்களுக்குக் கீழே பெயர் போடுவதில்லை, அதனால் பழி ஒரு சஞ்சிகையின் தலையில் விழுந்தது. நான் அந்த வசனத்தின் பக்கம் நிற்கிறேன். அது ஒரு மனிதர் உண்மையில் விளையாடியபோது எழுந்த ஆசை. அரக்கனின் முகத்தைப் பார்த்தார், துப்பாக்கி தவிர வேறொன்றும் கையில் இல்லை என்று உணர்ந்தார், அதைச் சொன்னார். 2015இல் அண்டர்டேல் வந்தபோது அரக்கர்களோடு பேசி, ஒருவரையும் கொல்லாமல், முழு விளையாட்டையும் முடிக்க முடிந்தது. ஆசைப்பட்டவர் முந்திவிட்டார், அவ்வளவுதான். அந்த 1994இல் 'காட்சிகள் அபாரம், ஒலி அபாரம்' என்று எழுதியவர்களின் ஒரு வரியாவது இன்று யாருக்காவது நினைவிருக்கிறதா?

இந்த விமர்சன வார்ப்பு எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. எண்பதுகளில் இந்தச் சஞ்சிகைகள் வாங்குவோருக்கான வழிகாட்டிகளாகத்தான் பிறந்தன. படம், ஒலி, ஆட்டம், நீடிப்பு என்று பெட்டி போட்டு ஒவ்வொன்றுக்கும் புள்ளி கொடுத்தார்கள். சலவை இயந்திரத்துக்கு அது பொருந்தும். பெட்டிகள் பிறகு மறைந்தாலும் பத்திகளின் வரிசை அப்படியே தங்கிவிட்டது. முதலில் தொடரின் வரலாறு, பிறகு கதைச்சுருக்கம், பிறகு காட்சி, இசை, கடைசியில் 'குறைகள் இருந்தாலும் இரசிகர்கள் தவறவிடக் கூடாது'. 1991 முதல் 1996 வரை வந்த அமிகா பவர் என்ற சஞ்சிகை 50 சதவீதம் என்றால் சராசரி என்று அறிவித்து அப்படியே புள்ளி போட்டது. மற்றவர்கள் 70க்குக் கீழே இறங்க அஞ்சிய காலத்தில் அது துணிச்சல். புள்ளியில் நேர்மை வந்தபோது எழுத்திலும் நேர்மை வந்தது. குறைந்த புள்ளிக்குக் காரணம் சொல்லியாக வேண்டும் அல்லவா.

பணம் நுழைந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், இது பலருக்கும் தெரிந்ததுதான். 2001இல் தொடங்கிய மெட்டாகிரிட்டிக் என்ற இணையத்தளம் எல்லாருடைய புள்ளிகளையும் ஒரே எண்ணாக்கியது. 2010இல் வந்த ஃபோல்அவுட்: நியூ வேகஸ் அங்கே 84இல் நின்றது. 85 எட்டியிருந்தால் அதை உருவாக்கிய ஒப்சிடியனுக்கு மேலதிகக் கொடுப்பனவு கிடைத்திருக்கும் என்று அதன் வடிவமைப்பாளர்களில் ஒருவரான கிறிஸ் அவலோன் 2012இல் வெளியே சொன்னார். 2007இல் கேன் அண்ட் லின்ச் விளையாட்டுக்கு 6 புள்ளி கொடுத்த ஜெஃப் கர்ஸ்ட்மன் கேம்ஸ்பொட்டில் இருந்து நீக்கப்பட்டார். அந்த விளையாட்டின் விளம்பரம் அப்போது அதே தளத்தை நிறைத்திருந்தது. 2020 டிசம்பரில் சைபர்பங்க் 2077 வெளிவருமுன் விமர்சகர்களுக்குக் கணினிப் பிரதி மட்டும்தான் கொடுக்கப்பட்டது. புகழ்ச்சிகள் வந்தன. 10ஆம் திகதி விளையாட்டு வெளியானது, பழைய பிளேஸ்டேஷனில் அது ஓட முடியாமல் தடுமாறியது, ஒரு வாரத்தில் சோனி அதைத் தன் கடையில் இருந்தே எடுத்துவிட்டது.

இவை எல்லாம் உண்மை. ஆனால் எழுத்து கெட்டதற்கு ஊழலையும் அழுத்தத்தையும் மட்டும் காரணம் சொன்னால் எழுதுபவரை விடுவித்துவிடுகிறோம். யாரும் பணம் கொடுத்து 'ஆழ்ந்துபோக வைக்கிறது' என்று எழுதச் சொல்வதில்லை. 60 மணிநேர விளையாட்டை ஒரு வாரத்தில் முடித்து, விமர்சனங்களை வெளியிடுவதற்கான தடை நீங்கும் நிமிடத்தில் கட்டுரை ஏற வேண்டும் என்ற நிலையில் நித்திரையில்லாத ஒருவருக்குக் கைக்கு எட்டுகிற சொல் அது. அவர்மேல் எனக்கு இரக்கம் உண்டு. அந்தச் சொல்மேல் இல்லை.

நல்ல விமர்சனம்கூட எப்படிக் கொல்லப்படும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 2014இல் போகிமொன் அல்பா சபையர் வந்தபோது ஐஜிஎன் என்ற தளம் 10க்கு 7.8 புள்ளி கொடுத்தது. கட்டுரையின் முடிவில் குறைகளின் பெட்டியில் மூன்று ஆங்கிலச் சொற்கள்: Too much water, தண்ணீர் அதிகம். உலகமே சிரித்தது, இன்றும் சிரிக்கிறது. ஆனால் அந்த விளையாட்டை ஆடியவர்களுக்குத் தெரியும். வரைபடத்தின் பெரும் பகுதி கடல். நீந்தும்போது ஒரு சில வகைப் பிராணிகளே திரும்பத் திரும்ப எதிரே வரும். கடலைக் கடக்கவும் மூழ்கவும் அருவி ஏறவும் தனித்தனித் திறன்களைக் கற்பித்து, ஒவ்வொரு பிராணிக்கும் உள்ள நான்கே இடங்களில் அவற்றைத் திணிக்க வேண்டும். எனவே உங்கள் அணியை நீங்கள் விரும்பியபடி அமைக்க முடியாமல் கடல் தீர்மானிக்கிறது. இது மிக நல்ல விமர்சனம். நான் கடலைப் பார்த்தபடி வாழ்கிறேன். கடல் ஒருவரின் வழியைத் தீர்மானிப்பது எனக்கு நன்றாக விளங்குகிறது. அந்த வாதத்தைப் பிழிந்து மூன்று சொல்லாக்கிப் பெட்டியில் அடைத்தால் அது எழுதியவருக்கே எதிரியாகிவிடுகிறது. யூரோகேமர் என்ற தளம் 2015இல் புள்ளிகளைக் கைவிட்டபோது நான் மகிழ்ந்தேன். எண்ணுக்குப் பின்னால் ஒளிய முடியாததால் அவர்களுடைய முதல் பத்திகள் உடனே கூர்மையாயின என்றே எனக்குத் தோன்றியது. 2023இல் ஐந்து நட்சத்திரங்களோடு புள்ளியிடுதல் திரும்பி வந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தம்தான்.

அதே 2023இல் வெண்பா என்ற விளையாட்டு வந்தது. தமிழ் வாசகர்களுக்கு அறிமுகம் தேவையில்லை என்று நினைக்கிறேன். கனடாவுக்குப் புலம்பெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் சமையலறை; தாயிடமிருந்து வந்த சமையல் குறிப்பேடு, அதில் அழிந்துபோன வரிகள். என்ன செய்ய வேண்டும் என்று நாமே ஊகித்து இட்லித் தட்டுகளை அடுக்க வேண்டும், புட்டுக்குழலில் மாவும் தேங்காய்ப்பூவும் போட வேண்டும். அதை வாங்கிய அன்று அக்காவும் வீட்டில் இருந்தாள். வாழ்க்கையில் விளையாட்டுக் கருவியைத் தொட்டிராதவள். நான் தட்டை எந்தப் பக்கம் திருப்புவது என்று யோசிக்கும் முன்பே, "ஆவி மேலே போக இடம் வேண்டாமா?" என்று கையை நீட்டிச் சரியாக வைத்தாள். புதிர் அவளுக்குப் புதிராகவே இருக்கவில்லை. புட்டு வந்தபோது மட்டும் நின்றாள். "எங்கள் அம்மா ஓலை நீத்துப்பெட்டியில் அல்லவா அவித்தவர்" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் இருவரும் விளையாடவில்லை.

அந்த வாரம் வெண்பாவைப் பற்றி வந்த தொழில்முறை விமர்சனங்கள் பலவற்றை வாசித்தேன். பெரும்பாலும் அன்பானவை, பாராட்டுபவை. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக உணவு உவமைகள். சுவையானது, இதமானது, வயிறு நிறையவில்லை, சீக்கிரம் முடிந்துவிடுகிறது. முடிந்துவிடுகிறது என்பது உண்மை, ஒரு மாலையில் முடியும். நான் வாசித்தவற்றில் ஒருவர்கூட, தட்டை அடுக்கும்போது தமக்கு அந்த அறிவு இருந்ததா இல்லையா என்று சொல்லவில்லை. அதுதான் இந்த விளையாட்டின் உயிர்நாடி. இட்லியே அவித்திராத ஒருவர் அதில் தடுமாறுவார், அந்தத் தடுமாற்றம் விளையாட்டில் மொழியை இழந்துகொண்டிருக்கும் அந்தத் தாயின் மகனின் தடுமாற்றத்துக்கு மிக அருகில் நிற்கிறது. என் அக்கா தடுமாறவில்லை, அவள் தாயின் பக்கத்தில் நின்றாள். ஒரே திரை, இரண்டு வேறு விளையாட்டுகள். 'யார் விளையாடியது' என்பதைச் சொல்லாத விமர்சனம் இதில் எதைத் தவறவிடுகிறது என்று பாருங்கள்.

பிரித்தானிய விளையாட்டு விமர்சகர் கீரன் கில்லன் 2004இலேயே இதைத்தான் கேட்டார். விளையாட்டின் மதிப்பு விளையாடுபவரிடம் இருக்கிறது, நாம் கற்பனை இடங்களுக்குப் போய்வரும் பயண எழுத்தாளர்கள் என்றார். அவரைப் பின்பற்றிப் பலர் தங்கள் மனக்கிலேசங்களைப் பத்தி பத்தியாக எழுதினார்கள், விளையாட்டைக் காணவில்லை. அதுவும் எனக்கு உவப்பில்லை. பயணக் கட்டுரையில் ஊர் தெரிய வேண்டும்.

அக்கா மகனின் 21,000 ரூபா விடயத்துக்குத் திரும்புகிறேன். அவன் அதை வாங்கினான். ஒன்பது புள்ளி பெற்ற அந்த விளையாட்டில் உரையாடல் எழுத்துகள் எங்கள் 24 அங்குலத் திரையில் எறும்புபோல ஊர்ந்தன. பெரிதாக்க வழியே இல்லை. கட்டிலில் இருந்து விளையாடுபவன் ஒவ்வொரு முறையும் எழுந்து போய்த் திரையில் முகத்தை வைத்து வாசித்துவிட்டு வந்தான். இரண்டாம் வாரம் கதையை வாசிப்பதை விட்டுவிட்டான். நான் படித்த அத்தனை விமர்சனங்களிலும் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எழுதியவர்கள் எல்லாரும் பெரிய திரைக்கு முன்னால் இருந்திருப்பார்கள். எத்தனை ஜிகாபைட் தரவிறக்க வேண்டும் என்பதையும், இணையம் இல்லாமல் ஓடுமா என்பதையும் யாரும் எழுதவில்லை. 2022இன் நீண்ட மின்வெட்டுகளில் இருந்த எவருக்கும் அந்தக் கடைசிக் கேள்வி சின்னதல்ல.

தமிழில் இதற்கெல்லாம் சொல் இல்லை என்று சொல்பவர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. ஈழத்தில் விமர்சனம் என்பதற்குத் திறனாய்வு என்ற சொல்லைப் பலர் விரும்பினார்கள். கொழும்பில் இருந்து தமிழிலும் ஆங்கிலத்திலும் பத்திகள் எழுதிய கே. எஸ். சிவகுமாரன் அச்சொல்லை விடாமல் பயன்படுத்தியவர். திறனை ஆய்வது. விளையாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் இருக்கிறது?

அப்பா வடமராட்சியில் வளர்ந்தவர். நிலத்தில் தட்டுகள் கீறி, கிளி எனப்படும் காவலரிடம் அகப்படாமல் கடக்கும் கிளித்தட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால் இரவு போவது தெரியாது. தன் ஒன்றுவிட்ட தமையன் ஒருவரைப் பற்றி அவர் சொன்னது இது: "கிளியின் கால் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்த பிறகுதான் அவன் மூச்சே விடுவான். கிளி திரும்பி முடிக்கும் முன்னம் இவன் அடுத்த தட்டில் நிற்பான்." நான் அந்த மனிதரைக் கண்டதில்லை. கிளித்தட்டு ஆடியதும் இல்லை. ஆனால் அந்த ஆட்டம் என் கால்களில் இருக்கிறது. 'வேகமான ஆட்டக்காரன், இறுக்கமான ஆட்டம், 9 புள்ளி' என்று அப்பா சொல்லியிருந்தால் என்ன மிஞ்சியிருக்கும்?

சில வாரங்களாக அக்கா மகனுக்கும் அவன் நண்பர்களுக்கும் வாசிக்கக் கொடுப்பதற்காகத் தமிழில் விளையாட்டுத் திறனாய்வுகள் எழுதுகிறேன். முதலில் எடுத்தது 2018இல் வந்த செலஸ்ட். அதன் முதல் பத்தி இப்போது இப்படி இருக்கிறது:

"இது 24 அங்குலத் திரையில், ஆறடி தூரத்தில் இருந்து, 43 வயதுக் கைகளால் ஆடியது. மடலின் என்ற பெண் மலை ஏறுகிறாள். அவளால் பாயவும், சுவரைப் பற்றவும், காற்றில் ஒரு தடவை எகிறவும் முடியும். தலைமுடி சிவப்பாக இருந்தால் அந்த எகிறல் இன்னும் கையில் இருக்கிறது; நீலமாகிவிட்டால் தீர்ந்தது, நிலத்தைத் தொட்டால் மீளும். கண் மலையைப் பார்க்காமல் முடியின் நிறத்தைப் பார்க்கப் பழகிவிடும். விளிம்பைத் தாண்டிய பிறகும் ஒரு கணப்பொழுது பாய விடுகிறது, அதனால் நீங்கள் தவறவிட்டதாக நினைத்த பாய்ச்சல் நிறைவேறுகிறது. விழுந்தால் அந்தத் திரையின் தொடக்கத்தில் உடனே எழுகிறீர்கள், கவலைப்பட நேரம் கிடைப்பதில்லை. சவாலான விளையாட்டு. முதல் மலையடிவாரத்திலேயே நான் நாற்பது தடவைக்கு மேல் விழுந்தேன்."

நேற்று மாலை அக்கா மகன் இதை வாசித்தான். கீழே கடலோர ரயில் போகும் சத்தம் அடங்கும்வரை ஒன்றும் சொல்லவில்லை. பிறகு என் பேனையை எடுத்து ஒரு வசனத்தைக் கோடிட்டு அடித்தான்.

"'சவாலான விளையாட்டு' என்பது வேண்டாம் சித்தி. நாற்பது தடவை விழுந்தேன் என்று அடுத்த வரியில் இருக்கிறதே."

சரி என்றேன். அவன் கருவியை எடுத்துக்கொண்டு போய்த் திரைக்கு முன்னால் அமர்ந்தான்.